நாய்க்கு மொட்டை வேண்டாம் மக்கா

தக்கலை

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அப்பா உன்னைக் கேட்டார். சேவியர் இன்னும் அந்த பைக்கை விற்கவில்லை, மற்றது உனக்கே தெரியும்.

மதுரை வெயில் தாங்காது, ஸ்பிட்ஸ் நாய்க்குட்டிக்கு மொட்டை அடிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, சாயா ஆறுவதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன். தயவுசெய்து செய்யாதே. அதன் ரோமம் இரண்டு அடுக்கு. எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் வெள்ளையன் முதுகில் விரலால் வகிடு எடுத்தால் மேலே நீண்ட முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரிக் குட்டை ரோமம். மேல்முடிதான் வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும், சிலதுக்கு முளைக்காமலே போகும். வெயிலுக்கு வேண்டியது சீப்புதான். உதிரும் அடி ரோமத்தைச் சீவி எடு, காற்று உள்ளே போகும். நான் முற்றத்தில் சீவிப் போடுவதைக் காக்கா கூடு கட்டக் கொத்திக்கொண்டு போகிறது.

நம்ம ஊரில் வெயிலைவிட மழைதான் பாடு. இரண்டு பருவமழையும் உண்டே! காதுக்குப் பின்னால் ஈரம் தங்கினால் சிக்குப் பிடித்து அடியில் புண் வந்துவிடும், உண்ணியும் அங்கேதான் ஒளியும். மேலாகத் துவட்டினால் போதாது, தோல்வரை காய வேண்டும்.

நம் தெருக்களில் பொமரேனியன் என்று கூப்பிட்டதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வம்சம். அசல் பொமரேனியன் மூன்று கிலோ தேறினால் அதிகம். 1888இல் விக்டோரியா ராணி ஃபிளாரன்ஸில் மார்கோ என்ற சின்ன நாயை வாங்கிய பிறகுதான் குட்டையாக வளர்க்கும் மோகம் கூடியது. நம்முடையது தலைமுறைகளாக இந்த வெக்கையில் பிறந்து பழகியது. ஆனாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க முடியும். புழுக்கத்தில் அதுவும் சரியாகப் பலிக்காது. அதனால் நடக்கக் கூட்டிப்போவது விடியற்காலையில் மட்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதே, இந்தச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் பலவீனம். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கு.

குரைக்கிறது என்று அலுத்துக்கொள்கிறாய். பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாத நீயா இதைச் சொல்வது? காவலுக்கென்றே வளர்ந்த இனம் அது, கேட் சத்தத்துக்குக் குரைக்கத்தான் செய்யும். தனியாகக் கட்டிப்போட்டால் இன்னும் கூடும். ஆள் பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும் அதற்கு.

உன் மகள் அதைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குகிறாள் என்றாய். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலும் இருக்கும் உயிர், அவள் கல்லூரி முடிக்கும்வரை கூடவே வரும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயா? அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே. உடனே பதில் போடு.

அன்புடன்,
ராஜன்