கால் மீட்டர் கேட்டு வருகிறவர்களுக்காக

துணிக்கடை நடத்துகிறவர்களுக்கும், அங்கே அளந்து வெட்டித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் குயில்ட் தைக்கிறவள். சின்னச் சின்னத் துண்டுகளைக் கூட்டித் தைத்து, அதன் அடியில் பஞ்சு, அதற்கும் அடியில் ஒரு முழுத்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டிச் செய்கிற போர்வை. ஒரு போர்வைக்குப் பத்துப் பதினைந்து வகைத் துணி வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போதும். அதனால்தான் உங்களிடம் வந்து கால் மீட்டர், அரை மீட்டர் என்று கேட்கிறோம்.

போன மாதம் ஒரு கடையில் 12 துணிகள் எடுக்கப் போனேன். "கால் மீட்டருக்கா இத்தனை கட்டையும் இறக்கச் சொல்றீங்க?" என்றார் மேசையில் நின்றவர். சரி என்று பொறுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே நீலத் துணியில் கத்தரியை ஓட்டினார். கோணலாகப் போவது என் கண்ணுக்கே தெரிந்தது. "கொஞ்சம் நேராக வெட்டுங்கள்" என்றேன். "அளவு சரியாத்தான் இருக்கு" என்று சுருட்டிப் பையில் போட்டுவிட்டார். மூன்று துணிகளோடு திரும்பிவிட்டேன்.

வீட்டில் அந்த நீலத்தைக் கரையோடு கரை சேர்த்து மடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 25 சென்டிமீட்டர், மறுபக்கம் 22. மூன்று சென்டிமீட்டர்தானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேண்டியது தைத்து முடித்தபின் 4 அங்குலம் நிற்கிற சதுரம். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் கரையைக் கழித்துவிட்டால் நாலரை அங்குல உயரத்தில் குறுக்காக வெட்டிய ஒரு பட்டைக்கு 9 சதுரம் வரும். நேராக வெட்டிய கால் மீட்டரில், அதாவது 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான துணியில், இரண்டு பட்டை, 18 சதுரம். கோணலைச் சீர்செய்து நேராக்கியதும் எனக்கு மிஞ்சியது எட்டே முக்கால் அங்குலம்கூட இல்லை. ஒரு பட்டைதான் தேறியது. பாதித் துணி போயே போய்விட்டது.

துணியை இழைவாக்கில் வெட்டச் சொல்வதும் வீம்புக்கு அல்ல. நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை அதிகம் இழுபடாது, குறுக்கே ஓடுகிற ஊடை இழை கொஞ்சம் கொடுக்கும், மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகவே நீளும். கோணலாக வெட்டிய துணியை நேராக்காமல் அப்படியே சதுரம் போட்டால் ஓரமெல்லாம் மூலைவாட்டுக்குச் சாய்ந்து, தைக்கும்போது இழுபட்டு அலை அலையாக நிற்கும். எத்தனை தேய்த்தாலும் அது படியாது.

மறுபடி அதே நீலத்துக்குப் போனபோது வேறு கட்டு வந்திருந்தது. துணியின் எண் அதேதான். ஆனால் சாயம் போட்ட தடவை மாறினால் நிறமும் ஒரு சாயல் மாறும், அது உங்களுக்குத் தெரியாததல்ல. வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். துணியை வெளியே கொண்டுபோக விடமாட்டோம் என்றார்கள். கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு நீலம் பகலில் வேறு வேறாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, பருத்தி என்று சொல்லிக் கலப்புத் துணியைத் தராதீர்கள். ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். கலப்பு மடிப்பில் படியாது, பருத்தி துவைத்தால் சுருங்கும். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்தால் முதல் துவையலிலேயே தையலோரம் இழுத்துக்கொள்ளும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

மேசையில் நிற்பவரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று கட்டுகளை ஏற்றி இறக்குவது லேசான வேலை அல்ல. கத்தரியைக் கையில் கொடுத்தவர்கள் துணியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இது முதலாளிகளுக்கு. அரை மீட்டருக்குக் கீழே வெட்ட முடியாது என்றால் அதையும் வாசலில் எழுதிப் போடுங்கள். அரை மீட்டராகவே வாங்கிக்கொள்வோம், மிச்சம் அடுத்த போர்வைக்கு ஆகும். எழுதாமல் வைத்துவிட்டு, கேட்பவரை முகம் சுளித்துப் பார்ப்பதுதான் வலிக்கிறது.

அந்த நீலத்தில் எனக்கு இன்னும் 9 சதுரம் வேண்டும். துண்டு ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். உங்களில் யார் கடைக்கு வந்தாலும் அதை உங்கள் கட்டின் மேல் வைத்து, வாசல் வரை எடுத்துப்போய்ப் பார்க்க விடுங்கள். கூடவே ஒருவர் வந்து நின்றாலும் சரி.

இப்படிக்கு,
குயில்ட் தைக்கிற ஒருத்தி