குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். நீல டிக் விழுகிறதா என்று பார்ப்பேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். விநாயகர் சதுர்த்தி வழக்கம்போல நடந்தது. மூன்றாவது குறுக்குத் தெருச் சாக்கடை அடைப்பு நான்கு மனுக்களுக்குப் பிறகு எடுக்கப்பட்டது. பொங்கல் கோலப் போட்டியும் நடந்தது. நடுவர் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு வீட்டார் பேசிக்கொள்வதில்லை. அதற்குச் சங்கம் பொறுப்பல்ல.

அப்புறம் வால்பாறைப் பயணம். இதைப் பற்றித் தெருவில் பலர் பலவிதமாகப் பேசிவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொள்ளாச்சியில் குடியிருந்துகொண்டு வால்பாறைக்குப் போகாதவர்கள் நம் நகரில் எத்தனை பேர் என்று செயற்குழுவில் கேட்டபோது பாதிப் பேர் கை தூக்கினார்கள். 64 கிலோமீட்டர்தான். வெளி மாநிலத்தவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நாம் கோடைக்கு ஊட்டிக்குப் போய் நெரிசலில் நின்றுவிட்டு வருகிறோம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைக்குப் போனால் மழையும் அட்டையும்தான் மிச்சம். மழை ஓய்ந்த மார்கழி, தை தான் அந்தப் பாதைக்குச் சரியான காலம் என்று சொன்னேன். "மார்கழிக் குளிரில் மலைக்கா?" என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

பெயர் கொடுத்தவர்கள் 41 பேர். அதை நம்பித்தான் பெரிய பேருந்து அமர்த்தினேன். காலை ஐந்தரைக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் வந்து நின்றவர்கள் 23 பேர். மற்றவர்களுக்குப் போன் அடித்தால் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குத் திடீர் விருந்தாளி, நான்கு பேர் எடுக்கவே இல்லை. அந்தக் காய்ச்சல்காரரை அன்று மாலை கடைவீதியில் பார்த்ததாகத் தகவல். முன்பணம் வாங்காதது என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். தினமும் முகத்தில் விழிப்பவரிடம் முன்பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆழியாறு சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அங்கிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கொட்டிய மாதிரி மஞ்சு. அணையும் இல்லை, ஆழியாறும் இல்லை. "ஏனுங்க செயலாளரே, இதைக் காட்டத்தான் கூட்டியாந்தீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

டீக் குடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறியது. மஞ்சு ஓரத்திலிருந்து விலக, முதலில் பாறை தெரிந்தது, அந்தப் பாறை விளிம்பில் ஏழு வரையாடுகள், ஒன்று குட்டி. நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 தான் இருந்தன. அதில் ஏழு ஆடுகளை ஒரே இடத்தில், இருபது அடி தூரத்தில் பார்த்தோம். அதற்குப் பின்னால் அணையும் தெரிந்தது. கேள்வி கேட்டவர்தான் அதிகம் படம் எடுத்தார்.

அட்டகட்டி தாண்டி கவர்க்கல்லில் மறுபடியும் மஞ்சு. பத்து மணிக்கு முகப்பு விளக்குப் போட்டு ஊர்ந்தோம். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு கூட்டம் அதில் நடந்து போனதைக் குழந்தைகள் பார்த்தார்கள். இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. தின்பண்டம் போடக் கூடாது என்று நான் சொல்லியும் ஒரு வாழைப்பழம் ஜன்னல் வழியாகப் போனது. பெயர் வேண்டாம்.

சோலையாறு அணையில் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தை விளக்கினார். இந்த மலையில் பெய்து மேற்கே கேரளத்துக்கு ஓடும் தண்ணீரை அணை கட்டி, சுரங்கம் குடைந்து, நம் பக்கம் வாய்க்காலுக்குத் திருப்பிய கதை. இரு மாநில ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. முக்கால் மணி நேரம் பேசினார். நம் தென்னைக்குப் பாய்வது எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. சாப்பாடு ஆறிவிட்டது என்ற புகாரும் அதனால்தான்.

இரண்டு குற்றச்சாட்டுக்குப் பதில். ஆற்றில் குளிக்க விடவில்லை என்றார்கள். 2023 அக்டோபரில் வால்பாறையில் ஆற்றில் இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் மூழ்கி இறந்தது யாருக்கும் நினைவில்லையா? மூன்று மணிக்கே கிளப்பிவிட்டேன் என்றார்கள். அங்கே யானை நடமாட்டம் இருந்தால் எச்சரிக்கச் செல்போன் மூலம் எரியவிடும் சிவப்பு விளக்குகளை எஸ்டேட் பகுதிகளில் வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? நாம் போய் வந்த ஒரு மாதத்தில், பிப்ரவரியில், அதே மலைச்சாலையில் பைக்கில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் மாலை நேரத்தில் யானை தாக்கி இறந்தார். அதற்குப் பிறகு "ஏன் சீக்கிரம் கிளப்பினாய்" என்று யாரும் கேட்கவில்லை. சரி.

வரவு செலவு விவரம் பொருளாளரின் தனித்தாளில் இருக்கிறது. பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய சமம். வராத 18 பேருக்கான பேருந்துப் பங்கு "இதர செலவு" என்ற தலைப்பில் வருகிறது. அதில் ஒரு பகுதியை நான் கைக்காசு போட்டிருக்கிறேன், திருப்பிக் கேட்கவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். சந்தா பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் சில இரண்டு ஆண்டாகத் தரவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் முதல் போன் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறது.

மண்டபம் தந்தவருக்கும், விடியலில் இட்லி கட்டித் தந்த மகளிர் அணிக்கும், பொறுமையாக வண்டி ஓட்டிய ஓட்டுநர் தம்பிக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த மார்கழிக்கு டாப்சிலிப் போகலாம் என்று மகளிர் அணி கேட்டிருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த முறை வேனா, பேருந்தா என்பதைக் கொடுத்த பெயர்களை எண்ணி முடிவு செய்ய மாட்டேன், ரசீதை எண்ணித்தான். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சாவிக்கொத்தையும் மனு நகல்களையும் இன்றே தருகிறேன். யாரும் வராவிட்டால், போன ஆண்டு போலவே நானே தொடர்வேன் போலிருக்கிறது.

ரசீதுப் புத்தகம் டீ வைத்திருக்கும் மேசையில், டம்ளர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்