'மறைத்த தோழி' என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை 26 வருஷமாக வாங்குகிறோம். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார், நான் கடைசிப் பக்கத்திலிருந்து. இப்போது முழுசும் நானே படிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை நெல்லை மாவட்டச் செய்திகளில், பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்திக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றிய செய்தியின் அடியில் கிடந்த அந்த வரி கண்ணில் பட்டது: "சம்பவத்தை 4 மாதமாக மறைத்த தோழியிடமும் விசாரணை நடக்கிறது."

மறைத்த தோழி! அவளுக்கு வயசு 13 என்று மேல் வரியில் நீங்களே போட்டிருக்கிறீர்கள்.

நான் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பிள்ளைகள் 'சத்துணவு டீச்சர்' என்று கூப்பிடும். மற்ற டீச்சர்கள் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அது வேறு கதை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை சோற்றுத் தட்டோடு நிற்கும்போது பேசும். எந்தப் பிள்ளை முட்டையைத் தம்பிக்கு எடுத்து வைக்கிறது, எது திடீரென்று சாப்பாட்டை ஒதுக்குகிறது என்பதெல்லாம் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்து என்ன செய்தோம் என்று கேளுங்கள், அதையும் சொல்கிறேன்.

2014-இல் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, "எம் ஃபிரண்டுக்கு வயிறு வலிக்கி டீச்சர்" என்றாள். "சோறு ஆறுது, போய் உக்காரு" என்றேன். நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ வீட்டுக்குப் போவ மாட்டேங்கா, எங்க வீட்டுல படுக்கவாங்கா" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையல் உதவியாளரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு அவளை வெளியே கூட்டிப்போனேன். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இசக்கியம்மன் மேல சத்தியம் வாங்கியிருக்கா டீச்சர். சொன்னா கண்ணு அவிஞ்சிரும்" என்று அழுதாள்.

ஐயா, உங்கள் நிருபருக்கு இசக்கியம்மன் மேல் செய்த சத்தியம் என்றால் என்னவென்று தெரியுமா? எங்கள் ஊரில் நிலத் தகராறில் பெரிய மீசைக்காரர்களே அந்தச் சத்தியத்துக்குப் பின்வாங்குவார்கள். அதைப் 11 வயசுப் பிள்ளை தலையில் சுமந்துகொண்டு வந்து, பாதியாவது சொல்லிவிட்டாள். "இசக்கியே அநியாயமா கொலைபட்டவதானட்டி, கோயில் கொடையில வில்லுப்பாட்டுல கேட்டதில்லையா? இதைச் சொன்னதுக்கு அவ உன் கண்ணையா எடுப்பா?" என்றேன். வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மீதியைச் சொன்னாள். வீட்டுக்கு வந்துபோகிற ஒரு சொந்தக்காரர். இதற்கு மேல் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

பள்ளிக்கூடத்துப் பெரியவரிடம் போனேன். "கொடை முடியட்டும், அப்புறம் அவங்க அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவோம்" என்றார். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம், 6 மாதம் வரை ஜெயில், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. என் மகள் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள், அவள்தான் சட்டத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தாள். அதில் 21-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்ததற்கான இந்தத் தண்டனை குழந்தைக்குப் பொருந்தாது. சட்டம் எழுதியவர்களுக்கே 13 வயசுப் பிள்ளையால் 'மறைக்க' முடியாது என்று தெரிந்திருக்கிறது. உங்கள் செய்தி ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும். அவசரத்தில் விட்டிருப்பார்.

அன்றைக்கு விறகு அடுக்குக்குப் பின்னால் நின்று குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டேன். சுவரில் எழுதியிருந்ததை அதுவரை ஒரு சித்திரம் மாதிரித்தான் பார்த்திருந்தேன். எடுத்தவர், "நிஜமா? பார்த்தீங்களா?" என்று கேட்கவில்லை. "பிள்ளை இப்ப எங்க இருக்கு, ராத்திரி அந்த ஆள் அந்த வீட்டுல இருப்பாரா?" என்றுதான் முதலில் கேட்டார். சாயங்காலமே இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பக்குவமாகப் பேசி முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் தெருவில் வந்து நின்றது, யூனிஃபார்மோடு. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வருகிறவர் சீருடையில் வரக் கூடாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த தெருவே தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது. அதன் பிறகு ஊர் பேசியது அந்த ஆளைப் பற்றி இல்லை. "இவதான் போட்டுக் கொடுத்தா" என்று தோழியைப் பற்றித்தான். மறு வருஷம் அவளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இவ்வளவும் இப்போது எதற்கென்றால், போன ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக் கூட்டத்தில் அந்தத் தோழியைப் பார்த்தேன். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாள். "டீச்சர், நான் ஒங்ககிட்ட மூணாவதாத்தான் வந்தேன்" என்றாள். முதலில் அவள் அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னாளாம், "ஊர்க் கதை ஒனக்கு எதுக்குட்டி" என்று விளக்குமாற்றால் அடி. அப்புறம் ஒரு டீச்சர், "அடுத்த வீட்டு விஷயம் பேசக் கூடாது." பிறகு நான், சோறு ஆறுது. அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உங்கள் செய்தியில் வந்த பிள்ளையும் அந்த 4 மாதத்தில் எத்தனை பேரிடம் போய் நின்றாளோ! உங்கள் நிருபர் கேட்டாரா?

வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே செய்தியில் பள்ளிக்கூடம் எந்தக் கோயிலுக்கு எதிரே இருக்கிறது, பிள்ளை எத்தனாம் வகுப்பு, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று எல்லாம் போட்டுவிட்டு, 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறி. அந்த ஊரில் அந்த வேலை பார்ப்பவர் ஒருத்தர்தான் இருப்பார். பள்ளி, குடும்பம், தெரு எதையும் வெளியிடக் கூடாது என்பது 23-ஆம் பிரிவு, பத்திரிகை முதலாளியும் அதற்குப் பொறுப்பு. சட்டம் உங்களுக்குத் தெரியாததா?

பிறகு 'சில்மிஷம்'. வெண்ணெய் திருடிய கண்ணன் செய்தது சில்மிஷம். முன்பு ஒரு செய்தியில் வந்த டியூஷன் மாஸ்டர் பிள்ளையிடம் செய்ததை அந்த வார்த்தையால் எழுதாதீர்கள் என்று இதற்கு முன்னால் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று வரவே இல்லை. இன்னொன்றில் உங்கள் கோலப் பக்கத்தைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் வந்தது. நன்றி.

என் பேத்தி பள்ளிக்கூடத்தில் 'மாணவர் மனசு' என்று பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆபீஸ் ரூம் வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். பேத்தியிடம் நான் சொல்லிவைத்திருப்பது இவ்வளவுதான்: எவளாவது அழுதுகொண்டு சொன்னால் நம்பு, நீயாகப் போய் யாரிடமும் விசாரிக்காதே, சத்தியம் கேட்டால் பண்ணாதே, பண்ணிவிட்டாலும் பரவாயில்லை, வந்து சொல். நான் கேட்காவிட்டால் அடுத்த ஆளிடம் போ.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த 'மறைத்த' என்ற வார்த்தைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சனிக்கிழமை மாணவர் பக்கத்தில் குறுக்கெழுத்துக்குக் கீழே விரற்கடை இடம் காலியாகவே கிடக்கிறது. அதில் வாராவாரம் 1098, பள்ளிக்கூடப் பிரச்சினைகளுக்கு 14417, 'தோழிக்காகவும் கூப்பிடலாம்' என்று போடுங்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி வரும் எண், பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

என் பெயரும் ஊரும் போட வேண்டாம். போட்டால் எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வழக்கம்போல் 'முகவரி தனியாக' என்று அனுப்பத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமைச் செய்தியைப் பார்த்த பிறகு அனுப்பவில்லை.

இப்படிக்கு,
சத்துணவு டீச்சர்,
நெல்லை மாவட்டம்