இம்ப்ளான்ட் பல்லின் ஒட்டுச்சீட்டை எங்களிடமே கொடுங்கள்: வட சென்னைப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை பல் மருத்துவமனை நடத்தும் மருத்துவர் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் காசிமேட்டில் வலையும் கயிறும் விற்பவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தாடையின் வலப்புறக் கடைவாய்ப்பல்லைச் சொத்தையால் இழந்தேன். பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக்கிப் பொய்ப்பல் வைக்கும் பிரிட்ஜ் கட்டுவதற்காக இருபுறமும் உள்ள நல்ல பற்களை அராவ மனம் ஒப்பாமல், பெயர்ப்பலகையில் போட்டிருந்த விலையை நம்பி, தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட் பொருத்திக்கொள்ள முடிவு செய்தேன். அந்த விலை எலும்புக்குள் இறக்கும் திருகுக்கு மட்டும்தான் என்பதும், அதன்மேல் அமரும் இணைப்புத் துண்டு, கேப், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதும் ஈறில் தையல் போட்ட பிறகே தெரிந்தன. படகுக்கு விலை பேசி முடித்தபின் இன்ஜினுக்குத் தனி விலை சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பணத்தைக்கூட மறந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, வறுத்த நெத்திலியைக் கடிக்கும்போது கேப் ஆடியது. பொருத்திய மருத்துவமனை அதற்குள் மூடப்பட்டிருந்தது. வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, திருகு எலும்பில் உறுதியாக இருக்கிறது, உள்ளே இணைக்கும் சிற்றாணிதான் தளர்ந்திருக்கிறது என்றார். ஆனால் தம்மிடமிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தும் ஒன்றும் பொருந்தவில்லை. "எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று போட்ட சீட்டு இருக்கிறதா ஐயா?" என்று கேட்டார். அப்படியொரு சீட்டு உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். தயாரிப்பாளர் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவற்றுடன், உரித்து ஒட்டும் வகையில் திருகின் உறையிலேயே அது வருகிறதாம்.

இந்தச் சிகிச்சையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. திருகு செய்யப் பயன்படும் டைட்டானிய உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்த சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965இல் முதன்முதலில் ஒரு மனிதருக்கு இதைப் பொருத்தினார் என்று படித்தபோது எனக்கு வியப்பே ஏற்பட்டது. அப்படி எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். எலும்பு வலுவாக உள்ள சிலருக்கு உடனே பல் வைக்க முடியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதையே எல்லோருக்கும் பொதுவாக்கி 'ஒரே நாளில் பல்' என்று பலகை வைப்பது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரையும் பீடியை விடாதவரையும் தவறாக வழிநடத்தும். அவர்களுக்குத் திருகு பற்றாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

ஆகவே, நாற்காலியில் உட்கார வைக்கும் முன்பே, கேப் வரைக்குமான முழுச் செலவையும், காத்திருக்க வேண்டிய மாதங்களையும், கீழ்த்தாடை நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகக்கூடும் என்பதையும் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றி மாட்டும் பல் செட்டே போதுமானவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். வசதி இல்லாதவரிடம், கோட்டைக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் ஒருமுறை காட்டச் சொல்வதால் உங்கள் தொழில் குறைந்துவிடாது.

அந்த ஒட்டுச்சீட்டுக்காகத் தனி அட்டை அச்சிட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒட்டி எங்கள் கையில் கொடுத்தாலே போதும்.

இப்படிக்கு,
காசிமேட்டு வலைக்கடைக்காரன்