அந்த வலையை இன்றைக்கே கழற்றிவிடு

வடவள்ளி, கோவை
ஜூன் 14

அன்புள்ள வசு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் முட்டி இப்போது தேவலை. மாடிப்படி மட்டும் இன்னும் ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், காலையில் நான் மேலே போய்வந்து ஒவ்வொரு செடியின் சேதியையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காப்பி இறங்காது அவருக்கு.

மற்ற ஊர்க்கதையெல்லாம் கடைசியில் எழுதுகிறேன். அணில் தொல்லை தாங்காமல் பழைய மீன்வலை வாங்கி மாடித்தோட்டம் முழுக்கத் தொங்கவிட்டிருப்பதாக எழுதி, அடுத்து எலிக்குப் பசை அட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வசு, அந்த வலையை இன்றைக்கே கழற்றிவிடு. கழற்றிவிட்டு வந்து மீதிக் கடிதத்தைப் படி.

நானும் போன மார்ச்சில் அதையேதான் செய்தேன். மெல்லிய பச்சை நைலான் வலை. தக்காளிச் செடி வைத்த பைகளுக்கு மேலே கயிறு கட்டி அப்படியே சரியவிட்டிருந்தேன். நான்காம் நாள் காலை ஆறு மணிக்குப் பூவாளியோடு மேலே போனால், ஒரு கொண்டைக்குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு காலிலும் இறக்கையிலும் நூல் சுற்றி, அது திமிரத் திமிர இறுகியிருக்கிறது. வாலுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிவப்புத் திட்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கொடியில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். கண் இருட்டானால் பறவை கொஞ்சம் அடங்கும். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தை என்னால் எண்ணக்கூட முடியவில்லை. தையல் கத்தரியை வைத்து ஒவ்வொரு நூலாக வெட்டி எடுக்க இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். காலில் நூல் தோலுக்குள்ளேயே பதிந்திருந்தது. அவ்வளவு நேரமும் எதிர்வீட்டு முருங்கையில் அதன் ஜோடி விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் துண்டை விலக்கியதும் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அதே முருங்கைக்குப் பறந்து போனது.

வலையைக் கழற்றும்போதுதான் தரையில் சுருண்டு கிடந்த மடிப்புக்குள் ஒரு ஓணான் செத்துக் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். என் கத்தரிச்செடியில் புழு பொறுக்க வருகிற ஓணான் அது. மூன்று நாளாக அதைக் காணோமே என்று நினைத்திருக்கிறேன், தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை வசு.

வலையே கூடாது என்று சொல்ல மாட்டேன். கட்டினால் கொசுவலை மாதிரி நெருக்கமான, கெட்டியான, வெள்ளை நிற வலையாக இருக்க வேண்டும். வலைக்கண்ணுக்குள் உன் சுண்டுவிரல் நுழையக் கூடாது. சட்டத்தில் அடித்துத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், அடியில் மடிப்பு கிடக்கவே கூடாது. தொளதொளவென்று தொங்குகிற மெல்லிய நூல்வலைதான் பறவைக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் சுருக்குக் கயிறாகிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் தக்காளியை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பாய். எனக்கு இதில் முதலில் புரிய வேண்டியிருந்தது, அணில் எதற்காகத் தக்காளிக்கு வருகிறது என்பது. கடித்த பழங்களை எடுத்துப் பார். முழுதாகத் தின்றிருக்காது. ஒரு பக்கம் குதறிச் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும். பங்குனி சித்திரை வெயிலில்தான் இது அதிகம். மொட்டை மாடியில் அதற்குத் தண்ணீர் என்று கிடைப்பது தக்காளி மட்டும்தானே. நான் செடிகளிலிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு அகலமான மண்சட்டி வைத்தேன். விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு கல் கிடக்க வேண்டும், தேனீ வந்து உட்கார்ந்து குடிக்க. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புதிது ஊற்றுவேன், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். ஒரு வாரத்தில் அணில்கள் சட்டிக்குப் பழகிவிட்டன. பழம் கடிபடுவது நின்றுவிடவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், பறிக்கும் நேரம். செடியிலேயே பழுத்துச் சிவக்கட்டும் என்று காத்திருக்காதே. பச்சைக் காயின் அடிமுனையில் லேசாக மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஓடத் தொடங்குகிறது பார், அந்தப் பதத்தில் பறித்துச் சமையலறைக் கூடையில் வைத்தால் நாலைந்து நாளில் தானாகப் பழுக்கும். வெயில் வேண்டாம், ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதே. என்னிடம் இருப்பது பெரியகுளம் பி.கே.எம். 1. இப்படிப் பறித்ததற்கும் செடியில் பழுத்ததற்கும் ரசத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாக்கில் கறாரான ஆள் அவர், அவருக்கும் தெரியவில்லை. ஓரிரு பெரிய பழத்தைச் செடியிலேயே விட ஆசைப்பட்டால், கொலு தாம்பூலத்தில் மஞ்சள் குங்குமம் போட்டுக் கொடுக்கிற சின்ன வலைப்பை இருக்கிறதே, அதைக் காய் பிடித்த பிறகு மாட்டிச் சுருக்கை இழுத்துவிடு. பூவாக இருக்கும்போது மாட்டாதே, தேனீ உள்ளே போக வேண்டும்.

விதை போட்ட பையை அணில் கிளறாமல் இருக்க ஒரு பழைய சல்லடையைக் கவிழ்த்து வைத்தாலே போதும். நாற்று நாலு இலை விட்டதும் எடுத்துவிடலாம். நான் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை வட்டமாக வெட்டி மண்மேல் படுக்க வைக்கிறேன். செடி கண் வழியாக மேலே வரும், அணிலால் மண்ணைத் தோண்ட முடியாது. தண்டு தடிப்பதற்கு முன் மட்டும் கம்பியை எடுத்துவிட வேண்டும்.

மிளகாய்த்தூள் தூவச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம். அணில் மண்ணைக் கிளறிய கையாலேயே கண்ணைத் தேய்க்கும். பறவைகளுக்கோ மிளகாய்க் காரம் உறைப்பதே இல்லை. நமக்கு எரிகிற பொருள் அவற்றின் நாக்கில் எரிவதில்லை, அவற்றின் உடம்பு அப்படி. என் காந்தாரி மிளகாயைக் கொண்டைக்குருவிதான் பழம் பழமாக விழுங்கிப்போகும். விதையை வேறொரு பையில் எச்சத்தோடு போட்டுவிடும். இப்போது என்னிடம் இருக்கும் ஐந்து காந்தாரிச் செடியில் நான் விதைத்தது ஒன்று. மற்ற நான்கும் அவை விதைத்தவை. மணத்தக்காளியும் அப்படி வந்ததுதான். ஹாஸ்டல் சமையற்கட்டுக்குப் பின்னால் நாம் பொறுக்கித் தின்போமே, அதே கறுப்புப் பழம். இரண்டு பை மணத்தக்காளியைப் பறவைகளுக்கென்றே விட்டிருக்கிறேன். கீரைக்கு மட்டும் கொஞ்சம் கிள்ளிக்கொள்வேன்.

இப்போது எலி. பசை அட்டையை மட்டும் வீட்டுக்குள் விடாதே. அதில் எலிதான் ஒட்டும் என்று யார் சொன்னது? பல்லி, ஓணான், அணில்குஞ்சு, சிட்டு என்று நடந்து வருவதெல்லாம் ஒட்டும். ஒட்டியது உடனே சாகாது, தோலையும் ரோமத்தையும் பிய்த்துக்கொண்டு பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் கிடந்து சாகும். எங்கள் தெருவில் ஒருவர் விஷக்கட்டி வைக்கச் சொன்னார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. அந்த விஷம் தின்ற எலி சில நாள் தள்ளாடித் தள்ளாடித் திரியும், அந்த நிலையில் அதைப் பிடிப்பது சுலபம். எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல் ராத்திரி ஒரு கூகை வந்து உட்காரும். வெள்ளை முகம், இதய வடிவில். எலியைத் தின்று வாழ்கிற அதன் வயிற்றுக்குள் அந்த விஷமும் போகும். இலவசமாக எலி பிடித்துக் கொடுக்கும் ஜீவனை நாமே கொல்வதா?

எலி என் மாடிக்கு ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் நான்தான். கடலைப் புண்ணாக்கைப் பொடித்து அப்படியே மண்மேல் தூவிக்கொண்டிருந்தேன். அந்த வாசனைக்கு வராமல் என்ன செய்யும்? இப்போது புண்ணாக்கை மூடிய வாளியில் ஐந்தாறு நாள் ஊறப்போட்டு, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். மறுநாளே வாசனை போய்விடும். காய்கறிக் கழிவு மட்கவைக்கிற டிரம்முக்குக் கம்பி வலை அடித்த மூடி போட்டேன். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து உரமாக ஊற்றுகிற மீன் அமிலத்தை விட்டேவிட்டேன். இரண்டு மாதமாகப் பை எதுவும் தோண்டப்படவில்லை.

மயில் பற்றி நீ நம்ப மாட்டாய். மருதமலை அடிவாரம் பக்கம் என்பதால் விடிகாலையில் மதில்மேல் நாலைந்து நிற்கும், ஒன்றிரண்டு மாடிக்கும் ஏறும். அரைக்கீரை முளைத்த அன்றே ஒரு பை காலி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை அது, தொடக் கூடாது; சட்டம் இல்லாவிட்டாலும் எனக்குத் தொட மனம் வராது. மூங்கில் பட்டையை வில்லாக வளைத்து இரண்டு முனையையும் பையில் செருகி, மேலே பழைய கொசுவலையை இறுக்கித் தைத்துவிட்டேன். கீரை தப்பித்தது. குரங்குக்கு மட்டும் இப்படி எதுவும் பலிக்கவில்லை. வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டக் கூடாது, எதையும் கையில் கொடுக்கக் கூடாது. வடகத்தை மாடியில் காயப்போடுவதை நிறுத்திய பிறகு வரத்து குறைந்திருக்கிறது.

தவிட்டுப்புறா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரலில் நான்கு நாள் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கத்தரிப்பை ஒன்றில், தண்டுக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து குச்சியை ஏனோதானோவென்று போட்டு இரண்டு வெள்ளை முட்டை. தாய் என்னைப் பார்த்தும் எழவில்லை. கழுத்துப் புள்ளிகள் விரிய ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். செடியோ காய்க்கிற பருவம், தண்ணீர் விடாவிட்டால் வாடும். பூவாளியை விட்டுவிட்டு, பையின் எதிர் ஓரத்தில் டம்ளரால் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். முதல் மூன்று நாள் நான் வந்தாலே உடம்பை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் டம்ளரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாத்தன. இரண்டு வாரத்தில் குஞ்சு வந்தது. முதல் சில நாள் அவற்றுக்கு இரையே கிடையாது, தாயும் தகப்பனும் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் சுரக்கிற பாலைத்தான் ஊட்டுகின்றன. குஞ்சு தலையைத் தாயின் வாய்க்குள்ளேயே விட்டுக் குடிக்கும். இவர் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டதால் ஃபோனில் படம் பிடித்துவந்து காட்டினேன். இன்னொரு இரண்டு வாரத்தில் இரண்டும் பறந்துவிட்டன. அந்தச் செடியில் காய் ஐந்தாறுதான் வந்தது. போகட்டும்.

அணில்குஞ்சு எதாவது கீழே விழுந்து கிடந்தால் தூக்கி வளர்க்கவோ பசும்பால் ஊற்றவோ செய்யாதே. ஒரு சின்னப் பெட்டியில் துணி போட்டு, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பூனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடு. தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும், நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நந்தவனம் வைத்து மாலை கட்டிய தொண்டரடிப்பொடியாழ்வார் வாழ்ந்த ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாய். ராமனுக்குப் பாலம் கட்டிய அணிலை நினைத்துப் பாடியவர் அவர். உன் மாடியில் அணிலுக்கு இடம் இல்லாமலா போகும்?

இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. உயரமான செடிகளையெல்லாம் மதில் ஓரத்துக்கு நகர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆடி முடிந்ததும் ஒரு வாரம் அங்கே வரலாம் என்று இருக்கிறோம், முட்டி சம்மதித்தால். உன் வீட்டு வலையைச் சுருட்டி ஓரமாக வைத்திராதே, துண்டு துண்டாக வெட்டிப் போடு. குப்பைமேட்டில் கிடந்தாலும் அது எதையாவது பிடிக்கும். இதோடு காந்தாரி விதை ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை அதே கத்தரிப்பையில் புதிதாக மூன்று குச்சி கிடந்தது. செடியை வேர்மண்ணோடு எடுத்து வேறு பையில் வைத்துவிட்டேன். இந்தப் பை காலியாகவே இருக்கிறது.

அன்புடன்,
உன் பக்கத்துக் கட்டில்காரி