தேர்ச்சி விழுக்காடு மறைக்கும் இரண்டு இழப்புகள்: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சிவகங்கை மாவட்டம் 98.31 விழுக்காடு பெற்று மாநிலத்தில் முதலிடம் வந்தது. அதற்காக உழைத்த ஆசிரியர்களை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் தேர்ச்சி விழுக்காடு என்பது 35 மதிப்பெண்ணைத் தாண்டியவர்களின் தலைக்கணக்கு மட்டுமே. யார் எப்படித் தாண்டினார்கள், தாண்டிய பிறகு எங்கே போனார்கள் என்பதை அது சொல்லாது. அதே தேர்வில் மாநில அளவில் பெண்கள் 95.88, ஆண்கள் 91.74. பிளஸ் டூவில் பெண்கள் 96.70, ஆண்கள் 93.16. இந்த இடைவெளியை ஆண்டுதோறும் நாளிதழில் பார்க்கிறோம். "புள்ளைக படிக்குதுக, பயலுக சுத்துறானுக" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

அந்தப் பேச்சு பாதி உண்மை. பையன்கள் ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில், வாசிப்பிலும் அன்றாடப் படிப்புப் பழக்கத்திலும் நழுவுகிறார்கள். பெண்பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகு, பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் இடத்தில் நழுவுகிறார்கள். இழப்பு நேரும் இடம் வேறு, காரணம் வேறு. பத்தாம் வகுப்பில் எல்லோரையும் ஒரே மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டுமே தீராது.

முதலில் இடைவெளியின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டேனியல் வோயர், சூசன் வோயர் இருவரும் 1914 முதல் 2011 வரையிலான பல நாட்டுப் பள்ளி மதிப்பெண் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். எல்லாப் பாடத்திலும் பெண்கள் சற்று முன்னால். மொழிப் பாடத்தில் கூடுதலாக, கணிதத்தில் மிகக் குறைவாக. அந்த 'சற்று' எவ்வளவு? கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் சேர்த்து 100 இணைகள் எடுத்தால், ஏறக்குறைய 56 இணைகளில் பெண்ணின் மதிப்பெண் கூடுதலாக இருக்கும், 44இல் பையனுடையது. ஆகவே ஆணா பெண்ணா என்பதை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பை ஊகிக்க முடியாது. இன்னொன்றும் அந்தத் தொகுப்பில் உண்டு: இடைவெளி அண்மைக் காலத்தில் பெருகியதாகத் தெரியவில்லை. பையன்கள் பின்தங்குவதற்குச் செல்போனை மட்டும் குற்றம் சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செல்போன் வருவதற்கு முன்பும் இதே இடைவெளி இருந்தது.

தனித்தனி ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி நடத்தினால் சரியாகுமா என்ற கேள்வி நம் ஊர்க் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. 21 நாடுகள், 184 ஆய்வுகள், சுமார் 16 லட்சம் மாணவர்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று 2014இல் வந்தது. சேரும் பிள்ளைகளிடையே முன்பே உள்ள வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த முறையான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது தனிப்பள்ளிக்குச் சொல்லத்தக்க ஆதாயம் எதுவும் இல்லை. 'ஆண் மூளைக்கு ஒரு பாடமுறை, பெண் மூளைக்கு ஒன்று' என்று பயிற்சி விற்க வருவோருக்குப் பள்ளிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இனி பையன்கள். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா (PISA) தேர்வில், 2018ஆம் ஆண்டு (இந்தியா அதில் பங்கேற்கவில்லை) வளர்ந்த நாடுகளின் சராசரியில் 15 வயதுப் பெண்கள் வாசிப்பில் 30 புள்ளி முன்னால் இருந்தார்கள். கணிதத்தில் பையன்கள் 5 புள்ளி முன்னால். ஐந்தும் முப்பதும் ஒன்றல்ல. பையன்களின் பெரிய ஓட்டை வாசிப்பில்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்கும்போது, கேள்வியே அவனுக்குப் புரிந்திருக்காது. நாமோ கணக்கு டியூஷனுக்கு அனுப்புவோம்.

இதை ஜூன் மாதத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஆறு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு வகுப்பிலும், முந்தைய வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து பிள்ளைகள் மனப்பாடம் செய்திராத 100 சொல் கொண்ட பகுதி ஒன்றை எடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். விட்ட சொல், மாற்றிச் சொன்ன சொல், ஆசிரியர் எடுத்துக்கொடுத்த சொல் மூன்றையும் பிழையாகக் குறியுங்கள். தானே திருத்திக்கொண்டது பிழையல்ல. முடிந்ததும் மூன்று கேள்வி: இரண்டு பகுதியில் நேராக உள்ளவை, ஒன்று காரணம் கேட்பது. ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம், 40 பேருக்கு நான்கு பாடவேளை. 10 பிழைக்கு மேல் போனாலோ இரண்டு கேள்விக்குப் பதில் வராவிட்டாலோ அந்தப் பிள்ளையால் பாடப்புத்தகத்தைத் தனியே படிக்க முடியாது என்று தோராயமாகக் கொள்ளலாம். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற ஆங்கில வேக அளவுகளைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, சேர்ந்து வருபவை. வேகம் குறைவாகத்தான் தெரியும். பிழையையும் பொருளையும் மட்டும் பாருங்கள். எல்லார் முன்னாலும் வாசிக்கவும் விடாதீர்கள். தடுமாறும் பையன் கேலிக்குப் பயந்து குறும்பு செய்து வெளியே நிற்பதையே விரும்புவான். தாளில் 'ஒழுங்கீனம்' என்று பதிவாகும், வாசிப்புக் குறை மறைந்துவிடும்.

பட்டியலில் வருகிறவர்கள் ஆணோ பெண்ணோ, தினமும் 20 நிமிடம், ஆறு பேருக்கு மிகாத குழுவில் வாசிக்கட்டும். முதல் முறை ஆசிரியர் வாசிப்பதைக் கேட்டு, இரண்டாம் முறை சேர்ந்து, மூன்றாம் முறை தனியாக. அதே பகுதியை மறுநாளும் ஒரு முறை. அக்டோபரிலும் ஜனவரியிலும் புதுப் பகுதி கொண்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்தது பழக்கம். "பய கடைசி மாசத்துல உட்கார்ந்தா படிச்சுப்புடுவான்" என்று வீட்டில் சொல்வது பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அது பையனுக்கு ஒரு தப்பும் வழியைத் தருகிறது. படிக்காமல் தோற்றால் "படிக்கல, அதான்" என்று சொல்லிக்கொள்ளலாம், அறிவுக்குக் குறைவில்லை. படித்துத் தோற்றால் அந்தச் சாக்கு போய்விடும். ஆகவே படிக்காமல் இருப்பதே அவனுக்குப் பாதுகாப்பு. சிரத்தையாகப் படிக்கிறவனைக் கூட்டாளிகள் 'பொம்பளப் புள்ள மாதிரி' என்று கேலி செய்வதும் இதோடு சேர்ந்துகொள்ளும். இதற்கு அறிவுரை பயன்படாது. கடைசி மாதத்தில் பிடித்துவிடலாம் என்ற கணக்கையே செல்லாததாக்க வேண்டும். வாரம் ஒரு முறை 15 நிமிடத் தேர்வு, ஐந்து கேள்வி: இரண்டு இந்த வாரப் பாடம், இரண்டு போன மாதப் பாடம், ஒன்று போன ஆண்டு அடிப்படை. இரண்டு நாளுக்குள் தாள் திரும்ப வேண்டும். குறைவாக எடுத்தவர் வெள்ளிக்கிழமை மறுபடி எழுதலாம், கூடுதல் மதிப்பெண்ணே பதிவாகும். இது பெரும்பாலும் குலைவது ஓரிடத்தில்தான்: தாள் ஒரு வாரம் கழித்து வரும். அதற்குள் பிள்ளைக்கு என்ன எழுதினோம் என்பதே மறந்திருக்கும்.

வருகைப் பதிவேட்டை நம் ஊர் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறவும் கேட்டரிங் வேலைக்கும் போகும் பையன்கள் எத்தனை பேர், எந்த வகுப்பிலிருந்து? ஆடியிலும் மார்கழியிலும் ஒழுங்காக வருபவன் ஆவணியிலும் தையிலும் வராவிட்டால் அது சோம்பல் அல்ல, கூலி. தையில் சிராவயல் மஞ்சுவிரட்டும் திருப்புதல் தேர்வும் ஒன்றாக வரும். காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழாவும் பொதுத்தேர்வும் ஒன்றாக வரும். திருவிழாவை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். திருப்புதல் அட்டவணையை இரண்டு நாள் முன்பின் நகர்த்தலாம். கூலிக்குப் போகும் பையனின் வீட்டுக்கு ஆசிரியரைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தகப்பனார் போய்ப் பேசுவது நல்லது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புச் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் கிடைக்கிறது. பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் உண்டு. ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் அது பொருந்தும். இது தெரியாத வீடுகளுக்கு அவர் எடுத்துச் சொல்லட்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் எங்கள் மனவருத்தம் அதிகம், ஏனென்றால் தேர்ச்சிப் பட்டியலில் இது கண்ணுக்கே படாது. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 80க்கு மேல் எடுத்தவர்களைப் பட்டியலிடுங்கள். பக்கத்தில் அவர்கள் எடுத்த குரூப்பை எழுதுங்கள். ஆண், பெண் தனித்தனியாகக் கூட்டுங்கள். அதே மதிப்பெண் எடுத்த பையன் கணிதம் உள்ள குரூப்புக்கும், பெண் கணிதம் இல்லாத குரூப்புக்கும் போயிருந்தால் அந்த வித்தியாசம் திறமையில் வந்ததல்ல. கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள்: 45 எடுத்த பையனை 'பையனாச்சே' என்று கம்ப்யூட்டர் குரூப்பில் தள்ளியிருப்பார்கள். பிளஸ் டூவில் இயற்பியலில் தோற்பவர்களில் அவனும் ஒருவன்.

பெண் ஏன் விலகுகிறாள்? கணக்கில் ஒரு முறை சறுக்கினால் பையன் "படிக்கல" என்பான். பெண் "எனக்குக் கணக்கு வராது" என்பாள். வகுப்பறைகளை உற்றுக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் குழுவினரின் 1978 ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. பையனைத் திட்டும்போது நடத்தை, கையெழுத்து, அக்கறையின்மை பற்றித் திட்டுகிறோம். பெண்ணைத் திருத்தும்போது விடையின் தரத்தைப் பற்றியே பேசுகிறோம். பெண்ணுக்குப் பாராட்டு நேர்த்திக்கு, குறை அறிவுக்கு என்று ஆகிவிடுகிறது. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் ஆறு வயதுச் சிறுமிகளிடமே 'மிக மிகப் புத்திசாலி' என்றால் தம் பாலினத்தவரைச் சுட்டும் வழக்கம் குறையத் தொடங்கியிருந்தது.

நோட்டில் எழுதும் குறிப்பை மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை. 'அழகான கையெழுத்து', 'கவனக்குறைவு' இரண்டையும் ஒரு பருவத்துக்கு நிறுத்திவிடுங்கள். 'மூன்றாம் படியில் குறி மாறிவிட்டது, அதுவரை முறை சரி' என்று எழுதுங்கள். இரண்டு கணித ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் இரண்டு பாடவேளை உட்கார்ந்து, யாரிடம் 'ஏன்' என்ற கேள்வி போகிறது, யாரிடம் 'என்ன' என்ற கேள்வி போகிறது என்று கோடு போட்டு எண்ணட்டும். காலாண்டுத் தேர்வில் பெயருக்குப் பதில் எண் போட்டுத் தாளை மாற்றித் திருத்துங்கள். இஸ்ரேலில் பொருளியலாளர் விக்டர் லவி 2008இல் காட்டியபடி, பெயர் தெரிந்து திருத்தும்போது பையன்களுக்கு மதிப்பெண் குறைந்தது. நம் பள்ளியில் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்படித்தான் அறிய முடியும்.

வடிவக் கணிதத்திலும் இயற்பியலிலும் உருவத்தை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன் வேண்டும். சராசரியில் பையன்கள் முன்னிற்பது இதில்தான். ஆனால் பயிற்சியால் அது தெளிவாக வளரும் என்று 2013இன் பெரிய தொகுப்பாய்வு நிறுவியது. அதற்குக் கருவி நம்மிடமே இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போகும் ஒரு பெரிய வீட்டை மேலிருந்து பார்த்த படமாக வரையச் சொல்லுங்கள். பிறகு கொல்லைப்புறத்திலிருந்து நுழைந்தால் வலப்பக்கம் எது என்று கேளுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லின் ஒரு வடிவத்தை 90 பாகை திருப்பி நான்கு கல் சேர்த்தால் நடுவில் என்ன உருவம் வரும்? வாரம் 20 நிமிடம் இருபாலரும் செய்யட்டும்.

வீட்டு வேலையைச் சொல்லாமல் விட முடியாது. 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. இந்தச் சுமையோடும் நம் பெண்பிள்ளைகள் தேர்ச்சி பெறுகிறார்கள். ஆனால் தேர்ச்சிக்குப் போதுமான நேரம் கணிதத்தில் கூடுதல் பயிற்சிக்குப் போதாது. மாலை ஐந்தரைக்குப் பிறகு நீளும் சிறப்பு வகுப்பு, புதுவயல், கல்லல் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைத் தவறவிட வைக்கும். அதைக் காலை நேரத்துக்கு மாற்றுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்கள். அந்தத் தாய்மார்களில் இருவர் பிளஸ் ஒன் குரூப் தேர்ந்தெடுக்கும் நாளில் பள்ளியில் இருக்கட்டும். "தூரமா அனுப்ப மாட்டோம்" என்னும் பெற்றோரிடம், 1952 முதல் இயங்கும் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரியும் பி.டெக் நடத்தும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் காரைக்குடியிலேயே இருப்பதையும், இரண்டுக்கும் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லட்டும். சேர்க்கைத் தாளில் கையெழுத்திடும் முன் மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். மறுத்தால் காரணத்தைப் பெண்ணிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று தாள்கள் வேண்டும்: வாசிப்பு முடிவு, முகூர்த்த நாள் வருகை, 80க்கு மேல் எடுத்தவர்களின் குரூப். மூன்றிலும் ஆண், பெண் எண்ணிக்கை தனித்தனியாக. கூட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் வையுங்கள். பெயர்ப் பட்டியல் வகுப்பாசிரியரிடமே இருக்கட்டும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம்.

அன்புடன்,
செட்டிநாட்டு வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்வியியல் பேராசிரியர்களும்