மயில்கொன்றைப் படம்

அன்புக் கண்ணம்மாவுக்கு,

பொங்கலுக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாய். சாக்லேட் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம். ஒரு படம் வேண்டும். நீ இப்போது இருக்கிற ஆம்ஸ்டர்டாமில்தான் 1705-ல் அந்தப் படம் இருக்கும் புத்தகம் அச்சேறியது. மரியா சிபில்லா மேரியன் என்ற அம்மாள், தென் அமெரிக்காவில் அப்போது டச்சுக்காரர்கள் ஆண்ட சுரினாமுக்குப் போய்ப் பார்த்து வரைந்த பூச்சிகள், மொத்தம் 60 படங்கள். அதில் 45-ஆவது படத்தின் அச்சுப் பிரதி எங்காவது கிடைத்தால் வாங்கி வா. ஏன் அதே படம் என்பதை போனில் நிதானமாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ நான்காவது படிக்கும்போது நம் நந்தியாவட்டைக்குக் கீழே மிளகு கொட்டியது மாதிரி கருப்பு உருண்டைகள் கிடந்தன, நினைவிருக்கிறதா? நிமிர்ந்து பார்த்தால் உன் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் நீலக் கண் மாதிரி இரண்டு வட்டம், வாலில் சின்னக் கொம்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு தினமும் இலை போட்டாய். ஒருநாள் பச்சை மங்கிப் பழுப்பாகி, இலையைத் தொடாமல் கிடந்தது. செத்துப்போச்சு என்று அழுதாய். அது சருகுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, இரண்டு வாரம் கழித்து, பாசி படிந்த பளிங்குக் கல் மாதிரி இறக்கையோடு அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. வரைந்து வை என்றேன். வெள்ளைத் தாளின் நடுவில் பூச்சியை மட்டும் அழகாக வரைந்தாய். நானும் பாராட்டினேன். பள்ளியில் முப்பது வருடம் நான் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். புழு எங்கே, அது தின்ற இலை எங்கே என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

மேரியனுக்கு அது 13 வயதிலேயே தோன்றியிருக்கிறது. 1660 வாக்கில், பிராங்பர்ட் ஊரில், பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கத் தொடங்கினார். சேற்றிலும் அழுக்கிலும் புழு பூச்சிகள் தானாக உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம். இவர் புழுக்களைப் பிடித்து வந்து, எதற்கு எந்த இலை, எத்தனை நாளில் தோல் உரிக்கிறது, எப்போது நிறம் மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1679-ல் அவருடைய முதல் புழுப் புத்தகம் வந்தது, 50 படங்கள். முதல் படமே பட்டுப்பூச்சிதான். முட்டை, புழு, கூடு, பூச்சி, முசுக்கொட்டை இலை எல்லாம் ஒரே பக்கத்தில்.

சில கூடுகளிலிருந்து அந்துப்பூச்சி வராமல் ஈக்கள் வந்தன. புழுவின் உடம்புக்குள் வேறொரு பூச்சி முட்டையிட்டுவிடும் சங்கதி அப்போது யாருக்கும் தெளிவாகப் புரியவில்லை. அவருக்கும் குழப்பம்தான். ஆனாலும் அந்த ஈயையும் வரைந்து வைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் இதுதான். புரியாததையும் பார்த்தபடி வரைவதற்குப் பெரிய நேர்மை வேண்டும்.

1699-ல், 52 வயதில், தன் படங்களை விற்றுப் பணம் திரட்டி, 21 வயது மகள் டோரோத்தியாவை அழைத்துக்கொண்டு சுரினாமுக்குக் கப்பல் ஏறினார். ஆண் துணை இல்லை. சர்க்கரையை விட்டுவிட்டு இங்கே என்ன தேடுகிறாய் என்று அங்கிருந்த கரும்புத் தோட்டக்காரர்கள் கேலி செய்தார்களாம். உடம்பு முடியாமல் போய் 1701-ல் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் சேர்த்த படங்களைப் பார். இறக்கை விரித்தால் ஏறக்குறைய ஒரு அடி இருக்கும் வெள்ளை அந்துப்பூச்சி ஒன்று 20-ஆவது படத்தில் இருக்கிறது. கடைகளில் அதுதான் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதை வாங்கிவிடாதே.

நான் கேட்பது 45. அதில் இருக்கும் செடி நம் வாசல் ஓரத்து மயில்கொன்றை. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, நீளமான கேசரங்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, அதேதான். கூடவே கொம்பு வைத்த பச்சைப் புழு, அதன் அந்துப்பூச்சி. நம் நந்தியாவட்டைப் பூச்சியின் குடும்பம்தான். இன்று புகையிலைச் செடியில் அதிகம் தென்படும் புழு அது.

அந்தப் படத்துக்கு மேரியன் எழுதிய குறிப்பு பூச்சியோடு நிற்கவில்லை. டச்சுக்காரர்களிடம் அடிமையாக இருந்த பெண்கள் இந்தச் செடியின் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்பதற்காக. இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் அடிமைகள் வேலை செய்தார்கள், காட்டில் வழி வெட்டிக் கொடுத்தது அவர்கள்தான். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் வாயால் சொன்னதைக் கேட்டு, ஒரு அந்துப்பூச்சிப் படத்துக்குப் பக்கத்தில் அச்சில் வைத்தாரே! முதல் தடவை படித்த அன்று வாசலுக்குப் போய் அந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றேன். உன்னைச் சுமந்த வருடம் உன் அப்பா நட்ட மரம் அது.

டோரோத்தியாவும் ஓவியர் ஆனாள். பின்னாளில் பீட்டர்ஸ்பர்க் போய் அங்கேயே வேலை செய்தாள். அம்மாவின் படங்களில் ஒரு பெரும் பங்கும் ரஷ்ய மன்னர் பீட்டருக்காக வாங்கப்பட்டு அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது.

உன் நான்காம் வகுப்பு டிராயிங் நோட்டு பரணில் கிடைத்தது. பூச்சிப் படம் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் நிறைய வெற்று இடம். நீ வந்ததும் இலையையும் புழுவையும் சேர்த்து வரையலாம். நந்தியாவட்டைக்குக் கீழே மறுபடி மிளகு கொட்டிக் கிடக்கிறது.

படத்தை மடிக்காதே. சுருட்டி, அட்டைக் குழாயில் போட்டுக் கையிலேயே எடுத்து வா.

அன்புடன்,
அம்மா